அப்பாயியின் அடுப்பும் பிராங்கிளினின் ஒன்பது காரணங்களும்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே, காலை பத்து மணியானாலும் பனிமூட்டம் விலகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, தனியாக இருக்கிறார். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு. ஒரு காம்பரா (அறை), அதற்கு முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அந்த இஸ்தோப்பைப் பலகை வைத்து அடைத்து உண்டாக்கிய அடுப்படி, அவ்வளவுதான் வீடு. 2023 ஜூலையில் கொழும்பிலிருந்து லீவில் போன அன்று அந்த அடுப்படிக்குள் என்னால் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. அப்பாயி மட்டும் சேலைத் தலைப்பை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, தரையோடு தரையாகக் குந்தி, ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில்தான் குந்தியிருக்கிறார் என்று நினைத்தேன். நானும் பக்கத்தில் குந்தியபோதுதான் விளங்கியது. புகை இடுப்பு உயரம் வரை இறங்கி நின்றது, மூச்சுவிடக் காற்று அதற்குக் கீழேதான் இருந்தது.

அந்தப் புகையை என்ன செய்தோம், எங்கே பிழைவிட்டோம், எது சரிவந்தது என்பதை ஒன்றுவிடாமல் எழுதிவைக்கப் பார்க்கிறேன். நடுவில் 300 வருடத்துக்கு முந்தைய ஒரு மெழுகுவர்த்திக் கடைப் பையன் வருவான். அவனை நான் தேடிப் போகவில்லை. பக்கத்துக் காம்பராவின் பத்து வயதுப் பையன்தான் கூட்டிக்கொண்டு வந்தான்.

முதலில் வீட்டின் நிலைமை. பழைய லயத்தில் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். சின்ன வயதில் அடுப்படிப் புகையெல்லாம் அந்த வழியாகத்தான் போனது. வெளியிலிருந்து பார்த்தால் லயம் முழுக்கக் கூரை ஓரத்தால் ஆவி விடுகிற மாதிரி இருக்கும். அதே இடைவெளியால்தான் குளிரும் வரும், மழைச் சாரலும் வரும். அதனால் 2021இல் நானும் அப்பாவும் சேர்ந்து அதை உரச்சாக்கும் சீமெந்தும் போட்டு அடைத்தோம். விடியற்காலையில் தகரத்தில் வியர்த்து முகத்தில் சொட்டுகிறது என்று உள்பக்கம் பொலித்தீன் விரித்து ஆணி அடித்தோம். கதவுக்குக் கீழே ரப்பர் பட்டி. குளிர் நின்றது, எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. அப்போது அப்பாயி பாதிச் சமையலை மண்ணெண்ணெய் அடுப்பில் செய்ததால் நாங்கள் செய்த காரியத்தின் மறுபக்கம் தெரியவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே தாவாகத் தாவியது. அந்த அடுப்பு கட்டிலுக்கு அடியில் போனது. அப்பாயி முழுக்க முழுக்க மிலாறுக்குத் திரும்பினார். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிற தேயிலைக் கிளை அது. நன்றாகக் காய்ந்தால் அருமையாக எரியும், ஆனால் ஜூலை மாதத்தில் தலவாக்கலைப் பக்கம் எது காய்கிறது?

லீவின் முதல் வாரமே வேலையைத் தொடங்கினேன். நான் வேலை செய்வது ஒரு ஹாட்வெயார் கடையில், அதனால் இந்த விஷயமெல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு. பழைய தார் பீப்பாய் ஒன்றைப் பிரித்து, அடுப்புக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு புகைக்கூண்டு செய்து, எட்டு அங்குலக் குழாயைக் கூரை வழியாக வெளியே விட்டேன். நெருப்பு மூட்டினோம். கொஞ்சம் புகை மேலே போனது, மிச்சமெல்லாம் கூண்டின் ஓரத்தால் வழிந்து பழையபடி எங்கள் மேலேயே வந்தது. குழாய் கட்டை போலிருக்கிறது என்று இன்னும் மூன்று அடி கூட்டினேன். அரைவாசிகூடச் சரிவரவில்லை.

இந்த நேரத்தில்தான் பக்கத்துக் காம்பராப் பையன் ஒரு பிரிஸ்டல் போர்டோடு, அதாவது பெரிய தடித்த அட்டையோடு, வந்தான். "மாமா, ஒரு விஞ்ஞானியப் பத்தி எழுதிக்கிட்டு வரச் சொன்னாங்க. எனக்குப் பட்டம் விட்டவரு வந்திருக்காரு." பெஞ்சமின் பிராங்கிளின், அமெரிக்கர். பட்டம், சாவி, மின்னல். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புகையிலிருந்து தப்பிக்க ஒரு சாட்டுக் கிடைத்த சந்தோஷத்தில், வாசல் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தோம். ஒரு பின்னேரம் முடிவதற்குள் பட்டம் எனக்கு மறந்தே போய்விட்டது.

பிராங்கிளினின் அப்பா ஜோசையா இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி பொஸ்டனுக்குக் கப்பல் ஏறியவர். ஊரில் அவர் சாயத் தொழிலாளி. வந்த இடத்தில் சாயத்துக்குப் பெரிய கேள்வி இல்லை என்று தெரிந்ததும் மாட்டுக் கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவர்த்தியும் சவர்க்காரமும் செய்யத் தொடங்கிவிட்டார். அவருக்கு 17 பிள்ளைகள். 1706 ஜனவரியில் பிறந்த பெஞ்சமின் 15ஆவது, ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரே நேரத்தில் 13 பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் பையன் நிமிர்ந்து பார்த்தான், "எங்க வீட்டுல ஏழுதான்" என்றான். பள்ளிக்கூடம் மொத்தமாக இரண்டே வருடம். பத்து வயதில் நிறுத்தி, திரி வெட்டவும் அச்சில் கொழுப்பு ஊற்றவும் கடைக்கு ஓடவும் வைத்துவிட்டார்கள். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை, கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் ஆசை.

கடலுக்கு ஓடிவிடுவானோ என்று அப்பாவுக்குப் பயம். அதனால் அவர் ஒரு காரியம் செய்தார், எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த இடம் அதுதான். மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளை வேலைக்காரர் என்று ஒவ்வொரு பட்டறையாக நிறுத்தி வேடிக்கை பார்க்க வைத்தார். எந்தத் தொழிலில் மனம் ஒட்டுகிறது என்று பார்க்கத்தான். எதிலும் ஒட்டவில்லை, கடைசியில் 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் அன்று வேடிக்கை பார்த்தது பின்னாளில் உதவியது. வேலைக்காரர் கிடைக்காத நேரத்தில் வீட்டில் உள்ள சின்னச் சின்னப் பழுதுகளைத் தானே பார்த்துக்கொள்ளவும், பரிசோதனைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தானே செய்துகொள்ளவும் முடிந்தது என்று அவரே சொல்கிறார். கண்டுபிடிப்பாளருக்கு மூளையில் தனியாக ஏதோ இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். இவருக்கு இருந்தது பட்டறைகளில் நின்று பார்த்த பழக்கம். நம் லயத்துப் பிள்ளைகளும் மீன் டின் மூடியில் சக்கரம் வைத்து வண்டி செய்கிறார்கள், பெயாரிங் பூட்டிய பலகையில் ரோட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் எந்த அப்பா கையைப் பிடித்துப் பட்டறை பட்டறையாகக் கூட்டிப்போவார்? பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய் வந்தாலே பொழுது இருட்டிவிடுகிறது.

பையனுக்குப் பிடித்தது நீச்சல் பலகை. சின்ன வயதில் பிராங்கிளின் பத்து அங்குல நீளமும் ஆறு அங்குல அகலமுமாக முட்டை வடிவில் இரண்டு பலகை செதுக்கி, பெருவிரல் நுழைய ஓட்டை போட்டு, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நீந்தினார். வேகம் வந்தது, மணிக்கட்டும் வலித்தது. அதையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு நாள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர் நூலைக் கட்டிய குச்சியைப் பிடித்தபடி குளத்தில் மல்லாந்து படுத்தார். பட்டம் இழுத்த இழுப்பில் கையைக் காலை அசைக்காமல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தார். உடுப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டாளி குளத்தைச் சுற்றி நடந்து வந்தான். "அப்ப மின்னலுக்கு முந்தியே பட்டம்!" என்று பையன் குதித்தான். அவனுடைய போர்டில் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது, ஒரு பையன் தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறான், அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

வீட்டுச் சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு. வயதானபின் தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட அலுத்துப்போய், கண்ணாடி வில்லைகளைப் பாதி பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டார். உயரத்தில் இருக்கும் புத்தகத்தை எடுக்க நுனியில் விரல் வைத்த ஒரு நீளக் கம்பு, நம் ஊர் கொக்கத்தடியின் படித்த தம்பி என்று வையுங்கள். தூக்கிப் பிரட்டினால் ஏணியாகிற நாற்காலி. வீட்டுக் கூரையில் நட்ட இடிதாங்கியிலிருந்து ஒரு கம்பியை உள்ளே இறக்கி இரண்டு மணிகளைத் தொங்கவிட்டார். மின்னல் முகில் மேலே வந்தால் அவை தானாக அடிக்கும். அவருக்கு அது ஆராய்ச்சி, மனைவி டெபோராவுக்கு நெஞ்சு படபடப்பு. தெருவிளக்கு ஒன்று உண்டு. லண்டனில் அப்போது உருண்டைக் கண்ணாடி விளக்குகள்தான், அடியில் காற்று புக வழி இல்லாததால் புகை உள்ளேயே சுற்றி ஒரே இரவில் கண்ணாடி கறுத்துவிடும். பின்னாளில் குடியேறிய பிலடெல்பியாவில் இவர் நான்கு தட்டைக் கண்ணாடி வைத்து, மேலே புகை போக ஒரு நீண்ட வாயும் கீழே காற்று வரச் சந்துகளும் வைக்கச் சொன்னார். விளக்கு விடியும் வரை வெளிச்சமாக நின்றது. கண்ணாடி உடைந்தாலும் ஒரு தட்டை மாற்றினால் போதும்.

இந்த விளக்கைப் பற்றிப் படித்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. மேலே வாய், கீழே சந்து. ஆனால் அன்று அதைப் பிடித்துக்கொள்ளும் புத்தி எனக்கு வரவில்லை. காரணம், அடுத்ததாகப் படித்தது பிராங்கிளின் அடுப்பைப் பற்றி.

1742 வாக்கில் அவர் இரும்புத் தகடுகளால் ஓர் அடுப்பு உண்டாக்கினார். நண்பர் ஒருவரின் உலையில் தகடுகள் வார்க்கப்பட்டன, 1744இல் அதை விளக்கி ஒரு சிறு புத்தகமும் போட்டார். பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தும் வேண்டாம் என்றுவிட்டார். மற்றவர்கள் கண்டுபிடித்ததால் நமக்கு நன்மை வருகிறது, நாம் கண்டுபிடித்ததையும் அதேபோல் கொடுக்க வேண்டும் என்பது அவர் நியாயம். லண்டனில் ஓர் இரும்பு வியாபாரி அதில் சின்னச் சின்ன மாற்றம் செய்து காப்புரிமை வாங்கிக் காசு பார்த்தார், அது வேறு கதை. அடுப்பின் சூட்சுமம் என்னவென்றால் புகையை நேரே மேலே விடாமல், பின்பக்கமாகக் கீழே இறக்கித் தரைக்கு அடியால் கொண்டுபோய்ப் பிறகுதான் மேலே விடுவது. போகிற வழியில் சூடு வீட்டுக்குள் தங்கிவிடும்.

சூடு வீட்டுக்குள் தங்கும்! இது போதாதா? உடனே கூரைக்குப் போகிற குழாயைக் கழற்றினேன். நெட்டுக்குத்தாகப் போகாமல் படுக்கைவசமாகத் திருப்பி, அப்பாயி படுக்கிற காம்பராவின் சுவரோரமாக எட்டு அடி ஓடவிட்டு, அதன் பிறகு வெளியே எடுத்தேன். சமைக்கிற நெருப்பிலேயே படுக்கை அறைக்கும் கதகதப்பு. ஒரு நாள் முழுக்க வேலை, கையில் நாலு இடத்தில் தகரக் கிழிப்பு. பின்னேரம் நெருப்பு மூட்டினோம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கூண்டிலிருந்து புகை மொத்தமாகப் பின்வாங்கியது, படுக்கைக் குழாயின் ஒரு மூட்டு கழன்று விழுந்தது, கரி முழுவதும் அப்பாயியின் வெள்ளைப் போர்வையில். அப்பாயி என்னைத் திட்டவில்லை. போர்வையை எடுத்து உதறிவிட்டு, "நல்லாத்தான் செஞ்ச ராசா, கொஞ்சம் தூரமாப் போய் செஞ்சிருக்கலாம்" என்றார்.

அன்றிரவு அந்தக் காம்பராவில் அவரைப் படுக்க விடவில்லை. கண் எரிச்சலைத் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் அரைகுறையாக எரிகிற விறகிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறைக்குள் மூட்டு ஒழுகுகிற குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவது விளையாட்டு இல்லை. யாராவது இதைப் படித்துவிட்டு அதே யோசனைக்குப் போகாதீர்கள்.

மிச்சக் கதையைப் பிறகுதான் படித்தேன். பிராங்கிளினின் அந்த முதல் அடுப்பும் இப்படித்தான் காலை வாரியிருக்கிறது. கீழே இறங்கும் வழி முழுவதும் சூடாகவே இருந்தால்தான் இழுவை இருக்கும், கொஞ்சம் ஆறினாலும் புகை திரும்பிவிடும். பிறகு வந்தவர்கள் அந்தக் கீழ்வழியை எடுத்துவிட்டு நேரே புகைபோக்கியோடு சேர்த்தார்கள். இன்று பிராங்கிளின் அடுப்பு என்று பெயர் சொல்லி விற்பவற்றில் அவருடைய அந்தச் சூட்சுமமே இல்லை. கிட்டத்தட்ட 280 வருடம் கழித்து அதே பிழையை ஒரு தோட்டத்து லயத்தில் நான் மறுபடியும் கண்டுபிடித்திருக்கிறேன்.

அவர் அடுப்பை விட்டாலும் புகையை விடவில்லை. 1785 ஆகஸ்டில், 79 வயதில், பிரான்சிலிருந்து கடைசியாக ஊர் திரும்பும் கப்பலில் இருந்தபடி, வியன்னாவில் இருந்த இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவ நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். முழுக்க முழுக்கப் புகையைப் பற்றி. வீட்டுக்குள் புகை வர ஒன்பது காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர், கடலைப் பார்த்துக்கொண்டு, யாருடைய அடுப்பு ஏன் புகைகிறது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்தது அங்கேதான். பாசத்தோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய வீட்டில் அடிமைகள் இருந்தார்கள், 1757இல் லண்டனுக்குப் போகும்போதும் இருவரைக் கூட்டிக்கொண்டு போனார். அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானது 1787இல், 81 வயதில். அந்த நல்ல நல்ல அடுப்புகளை விடியற்காலையில் எழுந்து மூட்டியது யார், சாம்பல் அள்ளியது யார் என்ற கேள்வி லயத்தில் பிறந்தவனுக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

சரி, கடிதத்துக்கு வருவோம். அவர் முதலில் உடைப்பது, புகை இயல்பாகவே மேலே போகும் என்ற நம்பிக்கையை. புகை காற்றை விடக் கனமானது, சூடான காற்று தூக்கிக்கொண்டு போவதால்தான் மேலே போகிறது என்கிறார். அதற்கு ஒரு பரிசோதனையும் சொல்கிறார். பாதி தண்ணீர் உள்ள ஒரு போத்தலுக்குள் புகைக்கும் சுங்கானின் தண்டை விட்டு, புகையிலை எரியும் அதன் கிண்ணத்தின் மேல் துணியை வைத்து ஊதினால், தண்ணீருக்குள் குமிழியாக வந்து ஆறிய புகை போத்தல் கழுத்துக்கு ஏறாமல் தண்ணீர் மேலேயே படிந்து கிடக்கும். இதற்கு எங்களுக்குச் சுங்கான் தேவைப்படவில்லை. குளிர் காலையில் லயத்துப் புகை பள்ளத்தில் வெள்ளைத் துணி விரித்த மாதிரி அசையாமல் கிடப்பதைத் தினமும் பார்க்கிறோம்.

ஒன்பது காரணங்களில் முதல் காரணமே எங்கள் வீடு. புதிதாக, இறுக்கமாகக் கட்டிய வீடுகள் புகைவது பெரும்பாலும் காற்றுப் போதாமையால்தான். குழாய் வழியாக எவ்வளவு காற்று மேலே போக வேண்டுமோ அவ்வளவு காற்று எங்கிருந்தாவது அறைக்குள் வர வேண்டும். வராவிட்டால் குழாய் எதை இழுக்கும்? நாங்கள் சாக்கும் சீமெந்தும் பொலித்தீனும் ரப்பர் பட்டியும் வைத்து அப்பாயியின் அடுப்படியைப் போத்தலாக்கி, கழுத்தில் மட்டும் குழாய் சொருகியிருந்தோம். தெருவிளக்குக்கு அடியில் அவர் வைத்த சந்து எங்கள் வீட்டில் இல்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்று அளக்க அவர் சொன்ன வழி அவ்வளவு எளிது. நெருப்பு நன்றாக எரியும்போது கதவைத் திறந்துவிடுங்கள், புகை முழுக்க மேலே போகும். பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்துங்கள். புகை அறைக்குள் வரத் தொடங்கியதும் நிறுத்தி, வராமல் நிற்கும் வரை சற்றே திறவுங்கள். அந்தச் சந்தின் அகலத்தைக் கதவின் உயரத்தால் பெருக்கினால் தேவையான வழியின் அளவு வந்துவிடும். அவர் சொல்லும் உதாரணத்தில் கதவு எட்டு அடி, சந்து அரை அங்குலம், ஆக 48 சதுர அங்குலம்.

முதலில் குழாயைப் பழையபடி நேராக்கினேன். பையன் அடிமட்டத்தோடு கதவடியில் உட்கார்ந்தான், நான் கதவைப் பிடித்தேன், அப்பாயி நெருப்பைப் பார்த்தார். கதவு அகலத் திறந்திருந்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை, கூண்டுக்குள் புகை பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு உள்ளே போனது. மெல்ல மெல்லச் சாத்தினோம். பையன் சாமியறையிலிருந்து ஒரு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு வந்து சந்தில் பிடித்தான், இது அவன் சொந்த யோசனை. பத்திப் புகை குத்துக்கோடாகப் போகாமல் படுத்து உள்ளே ஓடியது. முக்கால் அங்குலத்தில் கூண்டின் ஓரத்தால் ஒரு சின்ன நூல் புகை வழிந்தது. "நிப்பாட்டு மாமா!" கதவின் உயரம் ஆறு அடி, அதாவது 72 அங்குலம், முக்காலால் பெருக்கினால் 54. ஒன்பதுக்கு ஆறு அங்குலத்தில் ஒரு ஓட்டை போதும்.

ஓட்டை எங்கே? சுவரில் கை வைக்க முடியாது, வீடு நமக்குச் சொந்தமில்லை, தோட்ட நிர்வாகத்துடையது. கூரை ஒழுக்குக்குக் கேட்டதற்கே "பார்ப்போம்" என்று சொன்னவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே வைத்தால் குளிர் நேரே அப்பாயியின் முழங்காலுக்கு. இதற்கும் கடிதத்தில் பதில் இருந்தது. உயரத்தில், கூரைக்குக் கிட்ட வையுங்கள், வெளிக்குளிர் மேலே தங்கியிருக்கும் சூட்டோடு கலந்துதான் கீழே வரும். கதவுக்கு மேலே பலகை அடித்த இடத்தில் ஒன்பதுக்கு ஆறு வெட்டினேன். பிஸ்கட் டின் மூடியை மடித்து, கீழ்ப்பக்கம் பிணைச்சல் வைத்து, உள்ளே சரிந்து திறக்கிற மாதிரி கதவு போட்டேன். வருகிற காற்று மூடியில் முட்டி மேல்நோக்கித் திரும்பும்.

இன்னொன்றும் அந்த ஊதுபத்திதான் காட்டியது. நெருப்பு மூட்டுவதற்கு முன்னால் கூண்டுக்குக் கீழே பிடித்தால் புகை கீழே தள்ளப்பட்டது. இரவெல்லாம் ஆறிய குழாயிலிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. நான் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக அப்பாயியிடம் விளக்க, அவர் பேசாமல் ஒரு பழைய பேப்பரைச் சுருட்டிக் கொளுத்திக் கூண்டின் வாய்க்குள் ஒரு நிமிடம் பிடித்தார், பிறகு மிலாறுக்குத் தீ வைத்தார். குழாய் மாட்டிய நாளிலிருந்து தினமும் அப்படித்தான் செய்கிறாராம். கேட்டால்தானே சொல்வார்?

விளைவைப் பார்க்க அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பையன் வெள்ளைக் கடதாசி ஒன்று ஒட்டியிருந்தான், ஓட்டை போடுவதற்கு முந்தைய வாரம் ஒன்று, பிந்தைய வாரம் ஒன்று. முதல் கடதாசி சாயம் இறங்கிய தேத்தண்ணி நிறம். இரண்டாவது, மேல் ஓரத்தில் மட்டும் மஞ்சள். அப்பாயி நின்றுகொண்டு ரொட்டி சுட்டார். எனக்கு அந்தக் கடதாசியை விட இதுதான் பெரிய அத்தாட்சி.

இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான்கைந்து நாள் கழித்து இரவு எட்டு மணிக்கு அப்பாயியின் படுக்கைக் காம்பராவில் கருவாடு பொரிக்கிற மணம். நாங்கள் கருவாடே வாங்கவில்லை. மணத்தோடு மெல்லிய புகையும் இருந்தது, அடுப்படியில் ஒன்றுமில்லை, படுக்கைக் காம்பராவில்தான். முதுகுப்பக்க வீட்டு அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் சந்தோஷமாக இருந்தார். "என்னான்னு தெரியல தம்பி, ரெண்டு மூணு நாளா எங்க அடுப்படியில பொகையே நிக்கிறதில்ல!"

எப்படி நிற்கும்? இரட்டை லயத்தில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. எங்கள் பக்கத்துப் பொலித்தீனும் அங்கே நடுவில் கிழிந்திருந்தது. எங்கள் குழாய் அவர்கள் வீட்டுக் காற்றைச் சுவருக்கு மேலால் இழுத்துக்கொண்டிருந்தது, கருவாட்டோடு சேர்த்து. பிராங்கிளினின் நான்காவது காரணம் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வீட்டில் இரண்டு நெருப்பு எரிந்து காற்று வரவும் வழி குறைந்தால், பலமான நெருப்பு மற்றதன் காற்றை இழுத்துக்கொள்ளும். ஆனால் நாங்கள்தான் 54 சதுர அங்குலம் வழி கொடுத்திருந்தோமே? போய்ப் பார்த்தால் பிஸ்கட் மூடிக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளித் துண்டு கெட்டியாக அடைக்கப்பட்டிருந்தது. "குளிரு எலும்பக் குத்துது ராசா. பகல்ல எடுத்துருவேன்."

இதற்கும் பிராங்கிளினிடம் ஒரு கதை உண்டு. 1776 செப்டெம்பரில் அவரும், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜோன் ஆடம்ஸும் ஒரு பயணத்தில் சத்திரத்தில் ஒரே கட்டிலில் படுக்க நேர்ந்தது. ஆடம்ஸ் இரவுக் குளிருக்குப் பயந்து சன்னலைச் சாத்தினார், திறவுங்கள் என்றார் பிராங்கிளின், குளிர்காற்றால் சளி, தடிமன் வராது என்று ஒரு விரிவுரையே வைத்தார், ஆடம்ஸ் அதைக் கேட்டபடியே தூங்கிப்போனார். அப்பாயியிடம் அந்த விரிவுரையை நான் வைத்துப் பார்க்கவில்லை, நான்தான் தூங்கிப்போயிருப்பேன். அதற்குப் பதிலாக மூடி திறக்கிற சரிவைக் குறைத்து, காற்று இன்னும் மேல்நோக்கிப் போகும்படி இரண்டு பக்கமும் தகரச் செவி வைத்தேன். கட்டிலைச் சுவர் மாற்றிப் போட்டேன். பொலித்தீன் கிழிசலை ஒட்டினேன். கம்பளித் துண்டு இப்போது ஆணியில் தொங்குகிறது, முழுதாக அடைக்காமல் பாதி அடைப்பதாக ஓர் உடன்பாடு. முதுகுப்பக்க அக்காவின் அடுப்படியில் பழையபடி புகை தங்கத் தொடங்கியதால், அடுத்த லீவில் அவருக்கும் ஒரு கூண்டும் ஓட்டையும் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

பையனின் பிரிஸ்டல் போர்டில் மின்னல் இல்லை. குளத்தில் மல்லாந்த பையனும், நான்கு கண்ணாடி விளக்கும், ஒன்பது காரணங்களும்தான். பத்தாவதாக, சிவப்புப் பேனாவில், "பாட்டிமார் துணி வைத்து அடைப்பது" என்று அவனே சேர்த்திருந்தான். பார்த்தவர்கள் பட்டம் எங்கே என்று கேட்டார்களாம், குளத்துக்கு மேலே இருக்கிறது என்று காட்டியிருக்கிறான்.

தீராமல் இருப்பது ஐந்தாவது காரணம். எங்கள் லயத்துக்கு மேல்தட்டில், சரிவில், இன்னொரு லயம் இருக்கிறது. தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் அது அந்தக் கூரையைத் தாண்டி, அணையைத் தாண்டி விழுகிற தண்ணீர் மாதிரி எங்கள் குழாயின் வாயில் விழுகிறது. குழாயை அந்தக் கூரைக்கும் மேலே உயர்த்த வேண்டும், அல்லது காற்றுக்கு முதுகு காட்டித் திரும்புகிற தொப்பி போட வேண்டும் என்கிறார் அவர். அவ்வளவு உயரத்துக்குத் தகரக் குழாய் இந்தக் காற்றில் நிற்காது. தொப்பி ஒன்று செய்தேன், முதல் மழையிலேயே துருப்பிடித்து ஒரே பக்கமாக இறுகிவிட்டது. அந்த நாட்களில் அப்பாயி கதவை அகலத் திறந்து வைத்து, கம்பளியை இரண்டு சுற்றுப் போர்த்திக்கொண்டு, பழையபடி குந்தியிருந்துதான் ரொட்டி சுடுகிறார்.